நெல்லில் பூஞ்சை நஞ்சு: விதையிலேயே தடுக்கும் வழி

பேராக் மாநிலத்தில் பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் தோட்ட வேலையோடு வயலும் பார்ப்பவர்கள், இலையில் புள்ளி விழுந்ததும் மருந்து பம்பைத்தான் தேடுகிறார்கள். புள்ளி தெரிகிறது என்றாலே அந்த இடத்தில் பூஞ்சையின் நஞ்சு வேலையை முடித்துவிட்டது. மருந்து பூஞ்சையை அடக்கும். செத்த இலையை மறுபடி பச்சையாக்காது. அதனால் விதையிலிருந்தே தொடங்குங்கள்.

செம்புள்ளி நோயை உண்டாக்கும் பைபோலாரிஸ் பூஞ்சை, ஓஃபியோபோலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது செல் சவ்வை ஓட்டையாக்கி உள்ளிருக்கும் சத்தைக் கசியவிடும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எள் போன்ற நீள்வட்டப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் செம்பழுப்பு விளிம்பு. அந்த விளிம்பு நஞ்சின் வேலை. இரு முனையும் கூராக, கண் வடிவில் இருந்தால் அது குலைநோய் என்ற வேறொரு பூஞ்சை நோய்.

பக்கானே நோய் வேறு மாதிரி. ஃபுசேரியம் பூஞ்சை சுரக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி நாற்றை வெளிறி, மெலிந்து, மற்றவற்றை விட உயரமாக இழுத்துவிடும். பூஞ்சையை வடிகட்டி எடுத்த நீர் மட்டுமே இதைச் செய்யும் என்று 1926இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா காட்டினார். இங்கே பலர் இதைப் பாடி ஆங்கின் (களை நெல்) என்று நினைத்துவிடுகிறார்கள். பிடுங்கிப் பாருங்கள்: தண்டின் மேல் கணுவில் வேர் விட்டு, அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பொடி படிந்திருந்தால் பக்கானேதான். வயலிலேயே போடாமல் வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

விதைக்கு: 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிலோ உப்பைக் கரையுங்கள். புது முட்டை மிதந்து, 20 சென் காசு அளவு மேலே தெரிந்தால் பதம் சரி. மிதக்கும் நெல்லைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு 8 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, 53–54 டிகிரி வெந்நீரில் 10–12 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். தெர்மோமீட்டர் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்: சூடு கூடினால் முளை சாகும், குறைந்தால் பூஞ்சை பிழைக்கும். சாக்கை முட்டக் கட்டினால் நடுவிலுள்ள நெல்லுக்குச் சூடு எட்டாது. பாதியளவு போட்டு, வெந்நீருக்குள் அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் 100 விதையை மட்டும் இப்படிச் செய்து, ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

மண்ணையும் கவனியுங்கள். பொட்டாசியமும் சிலிக்காவும் குறைந்த வயலில் செம்புள்ளி மூர்க்கமாக வரும். செம்பனைக்குத் தவறாமல் பொட்டாஷ் போடுகிற நாம், நெல்லுக்கு யூரியாவோடு நிறுத்திக்கொள்கிறோம். பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. நோயற்ற வைக்கோலை எரிக்காமல், விற்காமல், வயலிலேயே மடக்கி உழுங்கள்.

மருந்து அடித்திருந்தால் பழைய புள்ளியைப் பார்த்துப் பலனை முடிவு செய்யாதீர்கள். அடுத்து விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். நோய் கண்ட வயலின் நெல்லை அடுத்த மூசிமுக்கு (பருவத்துக்கு) விதையாக எடுக்க வேண்டாம்.