20 ரூபாய்ப் பத்திரத்தில் விவாகரத்து ஆகாது

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அதெல்லாம் போன வருசமே தீர்த்துவிட்டாச்சுப்பா." எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டால், பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, போட்ட நகையைத் திருப்பி வாங்கி, 20 ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி ஒட்டுமில்லை உறவுமில்லை' என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி சீலும் குத்தி வைத்திருப்பார்கள். சீல் என்னவோ பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அது விவாகரத்து இல்லை.

1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு). "எங்க வழக்கத்துல அத்துவிடுறது உண்டே" என்பார்கள். உண்டுதான், 29-வது பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்பதைப் பின்னால் கோர்ட்டில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், லேசில் முடியாது. நிரூபிக்க முடியாமல் போனால், பத்திரத்தை நம்பிச் செய்த மறுகல்யாணம் செல்லாது. புகார் போனால் 7 வருடம் வரை சிறை. பிறக்கும் பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இரண்டாவதாக வந்த பெண்தான் பென்ஷன், சொத்து என்று வரும்போது வெறுங்கையோடு நிற்பாள்.

இத்தனைக்கும் பஞ்சாயத்தில் பேசி முடித்ததையே அப்படியே பரஸ்பர சம்மத மனுவாகப் போடலாம். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். எல்லாம் பேசித் தீர்ந்த கேஸில் இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. இங்கே நடக்கிற தவறு என்னவென்றால், முதல் கையெழுத்து அன்றே மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடுவது. கடைசி வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதனால் ஒரு பங்கை இரண்டாவது தேதிக்கு நிறுத்தி வையுங்கள். 18 மாதத்துக்குள் இரண்டு பேரும் திரும்பி வராவிட்டால் மனுவும் போச்சு.

சம்மனை வாங்காவிட்டால் கேஸ் நின்றுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நிற்காது. நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான்.

அப்புறம், கணவர் சென்னையில் இருக்கிறார், கேஸும் அங்கேதான் போட வேண்டும் என்று நினைத்துப் பல பெண்கள் மலைத்துப்போகிறார்கள். அம்மா வீடு மதுரை என்றால், அங்கே வந்து தங்கியிருக்கும் மனைவி மதுரையிலேயே மனு போடலாம். ஜீவனாம்சம் கேட்டால் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரண்டு பேருமே பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்டில் மாட்டுகிறவர்கள் உண்டு.

வழக்காடித் தீர்ப்பு வாங்கியவர்கள் மறுவாரமே முகூர்த்தம் பார்க்க வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் 90 நாள், எதிர்த்தரப்பு ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற ஹைகோர்ட் கிளைக்குப் போயிருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று பத்திரத்தோடு நிறுத்திய பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வக்கீல் இலவசம்.