மேமோகிராம் எடுப்பதா, வேண்டாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் ஸ்கேன் சென்டர்களில் மேமோகிராமுக்கு, அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு, தள்ளுபடி அறிவிப்பார்கள். மகளோ மருமகளோ அம்மாவுக்காக ஒரு பேக்கேஜ் புக் செய்வார். அம்மாவும் போய் எடுத்துக்கொண்டு வருவார். இதனால் என்ன நன்மை, என்ன பாதிப்பு என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 50 வயதுக்கு மேல் அரசே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. இங்கே அப்படி இல்லை என்பதால், முடிவெடுக்கும் பொறுப்பு அந்தப் பெண்ணிடமே வந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்ட பிறகு, ‘அடுத்த கேம்ப் வரட்டும், ஸ்கிரீனிங் செய்துகொள்ளலாம்’ என்று காத்திருப்பது. ஸ்கிரீனிங் என்பது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது. கட்டி, முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, அக்குளில் வீக்கம் என இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. போன வருஷ மேமோகிராம் நார்மல் என்பதையும் நம்பி இருக்கக் கூடாது. மேமோகிராம் சில புற்றுநோய்களைத் தவறவிடும். இளம் வயதினரிடம் அதிகம் காணப்படும் அடர்த்தியான மார்பகத்தில் இன்னும் கூடுதலாகத் தவறவிடும்.

சரி, அறிகுறி எதுவும் இல்லை. இப்போதுதான் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி. இங்கே பலரும் சதவீதத்தை மட்டும் கேட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். ‘மார்பகப் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறையும்’ என்றால் பெரிதாகத் தெரிகிறது. பிரிட்டனில் 2012இல் ஒரு சுயாதீன நிபுணர் குழு இதை ஆள் கணக்கில் சொன்னது. 50 வயதிலிருந்து 20 ஆண்டுகள் 10,000 பெண்களை ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும். அதே 10,000 பேரில் 129 பேருக்கு, கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் வாழ்நாள் முழுக்கத் தொல்லை தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும். ஒரு மரணத்தைத் தவிர்க்க, ஏறத்தாழ மூன்று பேர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாகிறார்கள்.

எது தொல்லை தராத வகை என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை. அதனால் அந்தப் பெண்களும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை என்று எல்லாவற்றையும் கடந்து போகிறார்கள். தங்கள் உயிரை ஸ்கிரீனிங்தான் காப்பாற்றியது என்றே நம்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னும் முடிவெடுக்காத பெண்ணுக்கு இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் மறைப்பது அநியாயம். இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு ‘43இல் ஒருத்தியாக இருக்க எடுத்துக்கொள்கிறேன்’ என்பதும் நியாயமான முடிவு, ‘எனக்கு வேண்டாம்’ என்பதும் நியாயமான முடிவு.

வயதைப் பார்க்காமல் எடுப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2024இல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது. பிரிட்டன் 50இல்தான் தொடங்குகிறது. நிபுணர்களே வேறுபடும்போது டாக்டர்கள் இருவர் ஆளுக்கொன்று சொன்னால் குழம்ப வேண்டாம். ஆனால் அம்மாவோடு கூடவே 25 வயது மகளும் எடுத்துக்கொள்வதை, தனிக் காரணம் இல்லாவிட்டால், யாரும் பரிந்துரைப்பதில்லை.

மெஷின் இல்லாத பரிசோதனையை மட்டமாக நினைப்பவர்கள் மும்பை ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையான சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ் வயதினரிடம் அப்படிக் குறையவில்லை. நம் தேசிய வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப் பரிசோதனையைத்தான் சொல்கிறது. மேமோகிராமுக்குக் காசு இல்லையே என்று எதுவுமே செய்யாமல் இருந்துவிட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்பதும் விலக்கு ஆகாது. இந்த நோய் வருகிற பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்திருக்காது. மறுபக்கம், அம்மா வழியை மட்டும் விசாரித்து அப்பா வழியை விட்டுவிடுகிறார்கள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பா மூலமாகவும் வரும். அத்தைக்கோ அப்பாவைப் பெற்ற பாட்டிக்கோ இளம் வயதில் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், மேலே சொன்ன வயதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தனியாக டாக்டரிடம் பேசுங்கள்.

மாஸ்டர் செக்கப்பில் சேர்த்துத் தரும் சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும், உடல் சூட்டைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபியும் மேமோகிராமுக்கு மாற்று கிடையாது.

அப்புறம், எடுத்த பிறகு வரும் பதற்றம். பிரிட்டனில் 100 பேர் எடுத்தால் சுமார் 4 பேரை மறுபடியும் அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. ரிப்போர்ட்டில் முடிவை எண்ணால் வகைப்படுத்தும் இடத்தில் ‘பைராட்ஸ் 0’ என்றிருந்தால் இன்னும் படம் தேவை என்று மட்டுமே பொருள். பரிசோதனைக்காகத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். பழைய மேமோகிராம் படங்கள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்த்தாலே பல சந்தேகங்கள் ஊசி இல்லாமல் தீர்ந்துவிடும்.