வொர்க்ஸ்டேஷன் உயிர்பெற்ற சனிக்கிழமை

பயன்படுத்திய நிலையில் வாங்கிய என் வொர்க்ஸ்டேஷனில் (கடினமான பணிகளுக்கான கணினி) 16 ஜிபி ரேம் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தியதும், திரையில் எதுவும் தோன்றாமல் பீப் ஒலி மட்டுமே கேட்டது. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. வீட்டுக் கணினிகளையே நாள்தோறும் பார்ப்பவர்களைவிட, இவ்வகை இயந்திரத்தை வைத்திருப்பவர்களே இதை நன்கு அறிவார்கள் என்று எண்ணி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் கூடும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்துக்குச் சென்றேன். மாடல் எண், பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, பீப் ஒலிகளின் எண்ணிக்கை, இரு ரேம்களின் லேபிள் படங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தேன். ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ முடியாது.

படங்களைப் பார்த்த ஒருவர், பழைய ரேமின் எண்ணில் 2400டி என்பதற்கு அடுத்து ‘ஆர்’ என்றும் புதியதில் ‘ஈ’ என்றும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். முன்னது ரெஜிஸ்டர்டு வகை, பின்னது பஃபர் இல்லாத வகை. இரண்டும் 288 பின்கள் கொண்ட டிடிஆர்4 தலைமுறை ரேம்களே, ஒரே ஸ்லாட்டில் பொருந்துபவையே. எனினும், ரெஜிஸ்டர்டு வகையில் முகவரியும் கட்டளைகளும் தனிச் சில்லு ஒன்றின் வழியாகவும் பஃபர் இல்லாத வகையில் நேரடியாகவும் செல்வதால், இரண்டையும் கலந்து பயன்படுத்த இயலாது.

ரேமை அதே வகையாக மாற்றிப் பொருத்தினேன்; இயந்திரம் உடனே இயங்கியது. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அவரைத் தேடிச் சென்று நன்றி சொன்னேன்.