காபெட் கழுவ ஆள் பிடிக்கும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் காபெட், செற்றி கழுவும் வேலைக்கு இப்போது நிறையப் பெடியள் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான் தொழிலுக்கு வந்த புதிதில் விட்ட பிழைகளையே அவர்களும் வரிசை பிசகாமல் விடுகிறார்கள், நட்டம் வீட்டுக்காரருக்கு. அதனால் இதை அவர்களைக் கூப்பிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாலு இடத்தில் விசாரியுங்கள், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பது

தொலைபேசியில் வரும் முதல் கேள்வி இதுதான். உடனே ஒரு விலையைச் சொல்லி, எப்போது வரட்டும் என்று கேட்கிற ஆளை விட்டுவிடுங்கள். வேலை தெரிந்தவர் திருப்பிக் கேட்பார்: என்ன நூல், பின்பக்கம் சணலா ரப்பரா, என்ன கறை, அதற்கு ஏற்கெனவே ஏதாவது போட்டுத் தேய்த்தீர்களா?

கடைகளில் மலிவாக வாங்கும் காபெட்டுகளில் அநேகமானவை பொலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். அது தண்ணீரையும் பிளீச்சையும் பெரும்பாலும் தாங்கும். வெளிநாட்டிலிருந்து உறவுகள் கொண்டுவருவதில்தான் கம்பளியும், பட்டுப்போல மினுங்கும் விஸ்கோஸும் இருக்கும். குளோரின் பிளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், காயும்போது மஞ்சளாகும். எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். ஒரு நிமிட வேலை, இதைக்கூடச் செய்யாமல் வாளியைத் தூக்குகிறார்கள்.

நுரையைக் கண்டு திருப்திப்படுவது

எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத பிசுக்கு ஒன்று உண்டாகி நூலில் ஒட்டிக்கொள்ளும். கழுவிய இரண்டு கிழமையில் காபெட் முன்னைவிட ஊத்தையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பிசுக்குத்தான். காலில் படும் தூசியையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை தரம் அலசுவார், கடைசி அலசலுக்கு என்ன சேர்ப்பார் என்று கேளுங்கள். கொஞ்சம் வினாகிரி அல்லது சிற்றிக் அமிலம் என்று பதில் வந்தால் அவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும்.

சாயம் பார்க்காமல் தொடங்க விடுவது

ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அதைத் தண்ணீரில் போடக்கூடாது. அவ்வளவுதான்.

எப்படிக் காயப் போடுவீர்கள் என்று கேட்காதது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான்.

கொக்குவிலில் ஒரு வீடு. கனடாவிலிருந்து தமையன் கொண்டுவந்து கொடுத்த கம்பளிக் காபெட், வெளிர் நிறம், சுற்றிவரச் சிவப்புக் கரை. மகளின் சாமத்தியவீட்டுக்கு ஹோலில் விரிக்க ஆசைப்பட்டுக் கழுவக் கொடுத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதம், விடாத மழை. பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அடுத்த நாளே சுருட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். "கொஞ்சம் ஈரம் இருக்கும் அக்கா, விரிச்சுவிட்டு ஃபேனைப் போடுங்கோ, காஞ்சிடும்." காசும் கைமாறிவிட்டது.

மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். மேலே தடவிப் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது, வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். மூலையைப் புரட்டினேன். பின்பக்கச் சணல் கறுத்து, மிளகைத் தூவிவிட்டதுபோலப் பூஞ்சணம். சணல் சுருங்கியதில் ஓரங்கள் சுருண்டு நின்றன. சிவப்பு இறங்கி வெளிர் நிறத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. சணலின் பழுப்பு நிறம் நூல் வழியாக மேலே ஏறி ஆங்காங்கே தேநீர்க் கறைபோல நின்றது. அதைக் காப்பாற்ற வழியில்லை என்று அந்த அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கழுவிய பெடியன் தொலைபேசியை எடுக்கவில்லை.

கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாமல் இருக்கும். கீழே தரை ஓடு, அந்தப் பக்கம் காற்றே போகாது. ஃபேன் மேலே இருக்கிற நுனியை மட்டும் உலர்த்தும். 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். காய வைப்பது பாதி வேலை. அந்தப் பாதியை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு முழு வேலைக்கும் காசு வாங்குகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே கொடுக்கும் முன்பே கேளுங்கள். தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் மெசின் இருக்கிறதா? கம்பியிலோ தடியிலோ இரண்டு பக்கமும் காற்றுப் படப் போடுவார்களா, மொட்டை மாடியில் விரித்துவிடுவார்களா? மழை வந்தால் எங்கே வைப்பார்கள்? வீட்டிலேயே வெந்நீர் பாய்ச்சி உடனே உறிஞ்சி எடுத்தால், ஒழுங்காகச் செய்த வேலை 6 முதல் 12 மணித்தியாலத்தில் காயும். "ரெண்டு மூண்டு நாள் பிடிக்கும் அண்ணை" என்றால் உறிஞ்சவே இல்லை என்று அர்த்தம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கம்பளியைக் கழுவவே கொடுக்காதீர்கள். தூசியை இழுத்து, கறையை மட்டும் துடைத்தால் போதும். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலம்தான் இதற்குத் தோது. கொஞ்சம் புழுதி படியும், பரவாயில்லை, தட்டிவிடலாம்.

திரும்பிவந்த காபெட்டைக் காசு கொடுக்கும் முன் விரித்து, நூலை விலக்கி அடியில் ஒரு வெள்ளை ரிசுக் கடதாசியை வைத்து முழங்காலால் அழுத்துங்கள். ரிசு நனைந்தால் வந்த பட்டாவிலேயே திருப்பி ஏற்றுங்கள். முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

செம்மண்

உரும்பிராய், சுன்னாகம் பக்கத்தவர்களுக்கு இது. செம்மண்ணை ஈரத்தோடு தேய்க்க விடாதீர்கள். காயட்டும், தட்டட்டும், வக்கியூம் இழுக்கட்டும், பிறகுதான் தண்ணீர். வக்கியூம் இல்லாமல் வருகிறவரைப் படலையோடு அனுப்பிவிடலாம்.

வாகனம் கழுவும் இடம்

வேண்டாம். அந்தத் தண்ணீர் வேகத்துக்குப் பின்பக்கப் பசை கழன்றுவிடும்.

வாசனை

காபெட் பூ மணத்தோடு திரும்பி வந்தால், ஈர மணத்தை மறைக்கத்தானோ என்று முதலில் பின்பக்கத்தை மணந்து பாருங்கள்.

பற்றுச்சீட்டு வாங்காதது

அளவு, விலை, திருப்பித் தரும் திகதி, ஏற்கெனவே இருந்த கறைகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தவரா என்றும் கேட்கலாம், பதிந்தவர் கோபிக்க மாட்டார். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டும் இல்லாமல் அங்கே என்ன சொல்லப் போகிறீர்கள்? பில் புத்தகம் இல்லை, வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் அதுவும் சரி. காபெட்டை ஏற்றும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அதே உரையாடலில் போட்டுவிடுங்கள்.