பெரணித் தொட்டியைச் சுரண்டாதீர்கள்

குன்னூரில் பெரணி வளர்க்கப் பெரிய கைவண்ணம் வேண்டியதில்லை. மூடுபனியே பாதி வேலையைப் பார்த்துவிடும். கெடுப்பதற்குத்தான் நம் கை வேண்டும்.

இலைக்கடியில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும் செதில்பூச்சி என்று மருந்தடித்துவிடுகிறார்கள். இலையைத் திருப்பிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுநரம்புக்கு இருபுறமும் தையல் போட்டதுபோல் வரிசையாக இருந்தால், அவை ஸ்போர்ப் பைகளின் கொத்துகள் (ஸ்போர் என்பது பெரணி தன்னைப் பெருக்கிக்கொள்ளும் நுண்துகள்). செதில்பூச்சிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தண்டிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். முற்றிய இலையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் பழுப்புத்தூள் உதிர்ந்திருக்கும்.

அந்தத் தூளை விதையென்று மண்ணில் புதைப்பது அடுத்த தவறு. பாடநூல்கள் ஸ்போரை ‘வித்து’ என்று எழுதிக் குழப்பத்துக்குத் தங்கள் பங்கைச் சேர்த்திருக்கின்றன. விதைக்குள் கருவும் அதற்குக் கட்டுச்சோறும் உண்டு. ஸ்போர் ஒற்றைச் செல். ஈரமண்ணின் மேல் தூவினால் போதும், வெளிச்சம் படவேண்டும். முளைத்தாலும் உடனே பெரணி வராது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று படரும். ஆணணுவும் முட்டையும் அதன் அடியில் உண்டாகின்றன. ஆணணு முட்டையிடம் நீந்தித்தான் போகவேண்டும். மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். இரண்டும் கூடிய பிறகே முதல் இலை தலைகாட்டும். இந்தத் தகடுகளைத்தான் ஒரு மழைக்காலம் முழுக்கப் ‘பாசி’ என்று நான் சுரண்டி எறிந்துகொண்டிருந்தேன்.

பெரணியில் தகடு சிறியது, செடி பெரியது. பாசியில் கணக்கு தலைகீழ். மதிலில் மெத்தைபோல் கிடக்கும் பச்சைதான் அந்தத் தகட்டுக்கு இணையான தலைமுறை. அதன்மேல் நூல்காம்பில் நிற்கும் குமிழைப் பூ என்பார்கள். அது தாயைவிட்டு இறங்காத அடுத்த தலைமுறை. ஸ்போர்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

சோலை மரங்களில் தாடிபோல் தொங்குவது பாசியல்ல, லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ஆஸ்பராகஸ் பெரணி என்று விற்கப்படுவது பெரணியே அல்ல, பூத்துக் காய்க்கும் செடி.

ஆர்க்கிட் கட்டுவதற்கு மரப்பெரணித் துண்டு வாங்குவதை மட்டும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மரப்பெரணிகள் அடங்கிய சயாதியா பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. 1874இல் தொடங்கிய குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மரப்பெரணிகள் உயிரோடு நிற்கின்றன, போய்ப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றியிருக்கும் கறுத்த நார் பட்டையல்ல, பின்னிக் கிடக்கும் வேர்கள். உச்சியில் சுருண்டிருக்கும் இளவிலைகளுக்கு நடுவேதான் வளரும் நுனி. பெரும்பாலும் ஒரு மரத்துக்கு அது ஒன்றுதான். வெட்டினால் பக்கத்தில் துளிர்க்காது.