கூர்ப்பு மரம் வரையும் மென்பொருள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னிக் காட்டு மரங்களின் உறவுமுறையைக் கூர்ப்பு மரமாக, அதாவது பொது மூதாதையிலிருந்து இனங்கள் கிளைத்த வழியைக் காட்டும் படமாக, ஆராயும் மாணவர்கள், அம்மரத்தைக் கணினி கணித்து முடித்தவுடன் எஞ்சியிருப்பது அழகுபடுத்தும் வேலைதான் என்று எண்ணி, ஃபிக்ட்ரீ, ஐடோல், டென்ட்ரோஸ்கோப் போன்ற மென்பொருள்களில் அவசரமாகத் திருத்தங்களைச் செய்கிறார்கள். கணிப்பில் இல்லாத பிழை அந்த அவசரத்தில்தான் நுழைகிறது.

எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது வேர், அதாவது எல்லா இனங்களுக்கும் பொதுவான மூதாதை நிற்கும் இடம். பெரும்பாலான கணிப்பு முறைகள் வேரற்ற மரத்தையே தருகின்றன. ஆயினும் மென்பொருள் அதனை வேருள்ளதுபோலவே திரையில் வரைந்துவிடும். பாலை, இலுப்பை, கருங்காலி, முதிரை, விளாத்தி ஆகிய ஐந்தையும் கொண்ட, மரத்தை எழுத்தில் குறிக்கும் நியூவிக் வடிவக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் ஒவ்வோர் அடைப்புக்குறிச் சோடியும் ஒரு கணு, அதாவது கிளைகள் பிரியும் இடம். எண்கள் விளக்கத்துக்காக இடப்பட்டவை.

(பாலை,இலுப்பை,(கருங்காலி,(முதிரை,விளாத்தி)100)71);

பாலையும் இலுப்பையும் சப்போட்டேசியே குடும்பத்தவை. கருங்காலி வேறு குடும்பமாயினும் அவற்றின் வருணத்தையே, அதாவது பல குடும்பங்களை அடக்கிய பெரிய பிரிவையே, சேர்ந்தது. முதிரையும் விளாத்தியும் தேசிக்காயின் குடும்பமான ரூட்டேசியேயைச் சேர்ந்தவை என்பதால், அவற்றைப் புறக்குழுவாக, அதாவது ஏனையவற்றுக்கு வெளியே நிற்கும் உறவாக, வைத்து வேரை மாற்றுவதே முறை. இங்கே 71 என்பது பாலை, இலுப்பை இரண்டையும் ஏனையவற்றிலிருந்து பிரிக்கும் கிளைக்குரிய பூட்ஸ்ட்ராப் எண், அதாவது அப்பிரிவைத் தரவு எவ்வளவு தூரம் ஆதரிக்கிறது என்று நூற்றுக்குக் காட்டும் அளவு. மென்பொருள் அதனைக் கிளைக்கு உரியதாகக் கொள்ளாமல் கணுவின் பெயராகக் கொண்டால், வேர் மாறியதும் 71 பாலை, இலுப்பை, கருங்காலி மூன்றும் சேர்ந்த கூட்டத்தின்மேல் போய் அமர்ந்துவிடும். முதிரை, விளாத்தி இரண்டையும் ஏனைய மூன்றிலிருந்து பிரிக்கும் கிளைக்குரிய 100 இருக்க வேண்டிய இடம் அது. பாலை-இலுப்பைக் கணுவோ எண்ணே இல்லாமல் நிற்கும். படம் ஒழுங்காகத் தெரிவதால் எவரும் ஐயுறமாட்டார்கள். பரவலாகப் பயன்பட்ட பல மென்பொருள்களில் இக்குறை இருந்ததை 2017இல் வெளிவந்த ஒரு மீளாய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே உங்கள் ஆய்வுக் கோப்பைத் திறக்குமுன், மேலுள்ளதைப் போன்ற ஒரு சிறு கோப்பில் வேரை மாற்றி, எண்கள் எங்கே போகின்றன என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் செலவிடத் தயங்க வேண்டாம்.

அடுத்தது பெயர்கள். நியூவிக் வடிவத்தில் அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகியவை மரத்தின் அமைப்பையே குறிப்பவை. எனவே மாதிரி எடுத்த இடத்தை "பாலை (முல்லைத்தீவு)" என்று பெயருடன் எழுதினால் கோப்பு திறக்காது, அல்லது பிழையாகத் திறக்கும். இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு இடுவது நல்லது.

நுனிகளின், அதாவது கிளை முனைகளில் நிற்கும் இனங்களின், வரிசையை வைத்து உறவை அளப்பதும் தவறு. எந்தக் கணுவையும் சுழற்றலாம். அப்போது கருங்காலிக்கு அருகில் பாலை வருவதும் இலுப்பை வருவதும் வரைபவரின் விருப்பமே தவிர, உறவில் எந்த மாற்றமும் இல்லை.

மாற்றத்தின் அளவைக் காட்டும் கிளை நீளங்களைச் சமப்படுத்தி வரைந்தால் அளவுகோலை நீக்கிவிடுங்கள். நீளங்களைக் காட்டும் படத்தை வேறொரு மென்பொருளில் இழுத்துப் பெருப்பிக்கும்போது, அளவுகோலையும் மரத்துடன் சேர்த்தே இழுக்க வேண்டும். மரம் மட்டும் நீண்டால் ஒவ்வொரு கிளையும் பொய்யான மாற்ற அளவைச் சொல்லும். படத்தை எஸ்விஜி வடிவத்தில் சேமித்தால் அச்சில் எழுத்து மங்காது. வேர் மாற்றிய மரக் கோப்பையும் தனியே வைத்திருங்கள், ஏனெனில் படத்திலிருந்து மரத்தை மீட்டெடுப்பது மிகக் கடினம்.