பிக்கப்புக்குத் திருட்டு அலாரம் சென்சார்: பின்னாலிருந்து தொடங்குங்கள்

பிக்கப் வண்டியில் கம்பெனியே போட்டுத் தரும் அலாரம் பெரும்பாலும் கேபின் கதவுகளையும் பானெட்டையும்தான் கவனிக்கும். லோடு பாடியில் ஒருவன் ஏறி நின்றாலும், டெயில்கேட்டை, அதாவது பின்கதவைக் கழற்றிக்கொண்டு போனாலும், அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கினாலும் அதற்குத் தெரியாது. பிக்கப் வைத்திருப்பவர்களின் சாமான் எல்லாம் இருப்பதோ பின்னால்தான்.

வண்டி வயரிங் பார்ப்பது என் தொழில். அலாரம் போட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எது நல்லா சத்தமா கத்தும்?" என்று. நான் திருப்பிக் கேட்பது, "எதைத் தொட்டால் கத்தணும், எதற்குக் கத்தக் கூடாது?" இரண்டாவது பாதிதான் முக்கியம். காற்றுக்கும் லாரிக்கும் கத்துகிற அலாரத்தைச் சில நாளில் அக்கம்பக்கத்தார் காதில் வாங்குவதையே விட்டுவிடுவார்கள். அப்புறம் தூக்கம் கெடுகிறதென்று சொந்தக்காரரே அணைத்து வைத்துவிடுவார். அதனால் சென்சாரை எண்ணிக்கைக்காக வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு அலாரம் இருக்கிறது, அதில் கூடுதல் சென்சார் சேர்க்க இடமிருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதன் கையேட்டில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, நெகட்டிவ் ட்ரிகர் வயர், அதாவது எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் இரும்பு உடம்பு) பட்டவுடன் அலாரம் அடிக்க வைக்கும் வயர். மற்றொன்று, நான்கு கம்பி சென்சார் சாக்கெட். அதில் 12 வோல்ட், எர்த், முன்னெச்சரிக்கை, முழு அலாரம் என நான்கும் இருக்கும். வண்டியின் சொந்த அலாரத்தில் இப்படி எதுவும் வெளியே கொடுக்கவில்லை என்றால் தனியாக ஒரு அலாரம் வாங்கிப் போடுவதே நல்லது. புதிய வண்டிகளில் கதவு திறந்த செய்தி கேன் பஸ் வழியாக, அதாவது வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பி வழியாகப் போகிறது. முறுக்கிய ஜோடியாக வரும் அந்த இரண்டு கம்பிகளில் கை வைத்து எதையும் ஒட்டாதீர்கள். அதற்கென்று உள்ள மாட்யூலோடு (மின்னணுப் பெட்டியோடு) வரும் அலாரத்தையே எடுங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், ஏர்பேக் யூனிட்டில் தேங்கிய மின்சாரம் வடியட்டும். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ உள்ள வயர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது, அதன் பக்கமே போக வேண்டாம். பல்பு வைத்த டெஸ்டரையும் தூக்கி வைத்துவிடுங்கள். அது இழுக்கும் கரண்ட்டே மாட்யூலைக் கெடுக்கப் போதும். டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதும்.

டெயில்கேட்

முதலில் இதைச் செய்யுங்கள். பல பிக்கப்புகளில் டெயில்கேட்டைப் பாதி சாய்த்து ஒரு பக்கமாகத் தூக்கினால் கையோடு வந்துவிடும். பூட்டு இல்லாத டெயில்கேட் என்றால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதற்கு ஏற்றது காந்த சுவிட்ச். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்பு இதழ்கள் இருக்கும், பக்கத்தில் காந்தம் வந்தால் அவை நகரும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். வீட்டுக் கதவுக்குப் போடும் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் சுவிட்சை வாங்காதீர்கள். அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்குத்தான் வேலை செய்யும். டெயில்கேட் ஓட்டத்தில் ஆடும், நாளாவட்டத்தில் தளரும். ரோலிங் ஷட்டருக்குப் போடும் வகையைக் கேளுங்கள். அலுமினிய உறை, இரும்புச் சுருள் போர்த்திய வயர், அகலமான இடைவெளியைத் தாங்கும் காந்தம் எல்லாம் சேர்ந்தே வரும். மழை, மண், சாமான் உரசல் எல்லாவற்றையும் அது பொறுத்துக்கொள்ளும்.

சுவிட்ச் பாடியில் இருக்கட்டும், காந்தம் டெயில்கேட்டில். மாற்றிப் போட்டால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் மடங்கி ஒருநாள் அறுந்துவிடும். கீழே கீல் பக்கம் வைக்காதீர்கள், அங்கே டெயில்கேட் நன்றாகச் சாய்ந்த பிறகும் காந்தம் பெரிதாக விலகியிருக்காது. பக்கவாட்டுத் தூணின் மேல்பாதியில், சாமான் இடிக்காத மடிப்புக்குள் வையுங்கள். காந்தத்தை நேராக இரும்புத் தகட்டில் திருகினால் அதன் புலம் தகட்டுக்குள்ளேயே போய்விடும், எட்டும் தூரம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. அடியில் தடிமனான பிளாஸ்டிக்கோ அலுமினியமோ ஒரு துண்டு கொடுத்துத் திருகுங்கள்.

வாங்கும்போதே மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள். நமக்கு வேண்டியது காந்தம் அருகில் இருக்கும்போது மீட்டர் ஊமையாகவும், விலகியதும் 'பீப்' என்றும் சொல்கிற சுவிட்ச். அதன் ஒரு முனை எர்த்துக்கு, மறுமுனை அலாரத்தின் நெகட்டிவ் ட்ரிகருக்கு. கட்டட அலாரத்துக்கான சுவிட்சுகள் பல இதற்கு நேர் எதிராக இருக்கும். மூன்று கம்பி உள்ளதாகக் கிடைத்தால் எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம்.

அதே ட்ரிகர் வயரில் பானெட் சுவிட்சும் சேர்கிறது, அந்தச் சுவிட்ச் ஒரு விளக்கையும் எரிய வைக்கிறது என்றால், ஒவ்வொரு கிளையிலும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4001 டையோடு ஒன்று போடுங்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை சுவிட்ச் பக்கம். இல்லையென்றால் டெயில்கேட்டைத் திறந்தால் பானெட் விளக்கு எரியும்.

ஸ்டெப்னிக்கும் சாமானுக்கும் ஒரு லூப்

ஸ்டெப்னி, டூல் பாக்ஸ், ஜெனரேட்டர் எதுவானாலும் சரி, அதன் கைப்பிடி வழியாக ஒரு வயரை நுழைத்துத் திரும்பக் கொண்டுவந்து, வெட்டினால் அலாரம் அடிக்கும்படி செய்யலாம். நான் மிகவும் நம்புகிற முறை இது. காற்றும் மழையும் இடியும் இதை ஏமாற்ற முடியாது.

இதற்குப் பலர் ரிலே, அதாவது காயிலில் மின்சாரம் ஓடினால் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச் போடுகிறார்கள். லூப் வழியாக ரிலே எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், வெட்டினால் விட்டுவிடும் என்பது கணக்கு. வேலை செய்யும், ஆனால் பேட்டரியைத் தின்றுவிடும். சாதாரண 12 வோல்ட் வண்டி ரிலேயின் காயில் சுமார் 85 ஓம். 140 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 3.4 ஆம்பியர்-மணி. பத்து நாள் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதே சந்தேகம்.

பிசி547 மாதிரி ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர் போதும், அதற்கு எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று மூன்று கால். எமிட்டரை எர்த்தில் கொடுங்கள். கலெக்டரை அலாரத்தின் நெகட்டிவ் ட்ரிகரில் கொடுங்கள். பேஸுக்கு, ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட்டிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதே பேஸிலிருந்து லூப் கிளம்பி, சாமானைச் சுற்றிவிட்டு எர்த்தில் முடியட்டும். லூப் முழுசாக இருக்கும்வரை பேஸ் எர்த்தில் கிடக்கும், டிரான்சிஸ்டர் தூங்கும். வெட்டியதும் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு மின்சாரம் வரும், கலெக்டர் எர்த்தை இழுக்கும், அலாரம் அடிக்கும். காவலில் நிற்கும்போது செலவு அரை மில்லி ஆம்பியர் சொச்சம்தான். கட்டட அலாரத்துக்கான எதிர்வகைச் சுவிட்ச்தான் கிடைத்தது என்றால் கவலை வேண்டாம். அதை இந்த லூப்பில் தொடராகச் சேர்த்துவிடுங்கள், சரியாக வேலை செய்யும்.

லூப்பின் எர்த் முனை கேபினுக்குள்ளேயே வந்து முடியட்டும். பின்னால் சேஸிஸில் முடித்தால், திருட வந்தவன் வயரை வெட்டாமல் உரித்து எர்த்தில் தொட்டுவிட்டு மீதியைக் கழற்றிவிடலாம். இப்படிச் செய்தாலும் விவரம் தெரிந்தவனைத் தடுக்க முடியாது, அவசரக்காரனைத் தடுக்கும்.

சாய்வு சென்சார்

டயரைத் திருடுவது, புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) திருடுவது, இழுவை வண்டியில் முழு பிக்கப்பையும் தூக்குவது, இவற்றுக்கெல்லாம் சாய்வு சென்சார்தான். அலாரத்தை ஆன் செய்த நேரத்தில் வண்டி எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறினால் அடிக்கும். ஆகவே சரிவில் நிறுத்துவதால் பிரச்சினை இல்லை.

எத்தனை டிகிரிக்கு வைப்பது? பிக்கப் நீளமான வண்டி. வீல்பேஸ் 3 மீட்டர் என்றால், பின்பக்கத்தை 15 சென்டிமீட்டர் தூக்கினாலும் சாய்வு 3 டிகிரிக்குள்தான். ஒரு பக்கத்து டயரை மட்டும் கழற்ற, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்தால் 5 சென்டிமீட்டரே போதும். சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்று கொண்டால் அது 2 டிகிரியைக்கூடத் தொடாது. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வளைந்து கொடுப்பதால் கேபின் சாய்வது அதைவிடக் குறைவு. அதனால் ஒன்றரை டிகிரிக்கும் கீழே இறக்கக்கூடிய சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். சோதிக்கும்போதும் சேஸிஸைத் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுங்கள். டயர் தரையை விடுவதற்குள் அடிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் செய்யுங்கள், வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது.

படகிலோ கேரியர் லாரியிலோ வண்டியை ஏற்றும்போது இந்தச் சென்சாரை மட்டும் நிறுத்திவைக்க ரிமோட்டில் வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அதிர்வு சென்சாரும் மற்றவையும்

பிக்கப்பில் கேபினும் லோடு பாடியும் ஒரே உடம்பு இல்லை. இரண்டும் தனித்தனியாகச் சேஸிஸில் உட்கார்ந்திருக்கின்றன, கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ் வேறு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் அதிர்வு சென்சாருக்கு, டெயில்கேட்டில் கடப்பாரை போட்டு நெம்பினாலும் லேசாகத்தான் கேட்கும். "பின்னாடி தட்டினா அடிக்கலையே" என்று சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் பக்கத்தில் பஸ் போனாலே கத்தும். செய்ய வேண்டியது இரண்டாவது அதிர்வு சென்சார் ஒன்றை லோடு பாடியின் முன்சுவரில், கேபின் பக்கமாக, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்துத் திருகுவது. கேபினில் இருப்பதன் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தே வையுங்கள். இரண்டையும் உறுதியான இரும்பில் திருகுங்கள். ஹார்னஸில் (வயர்க் கட்டில்) கேபிள் டை போட்டுத் தொங்கவிட்ட சென்சார் எதையும் சரியாகச் சொல்லாது.

காதுக்குக் கேட்காத ஒலியை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் கண்ணாடி மூடிய கேபினுக்குள் மட்டும் நல்லது, திறந்த பாடியில் காற்றுக்கே அடித்துவிடும். மைக்ரோவேவ் சென்சார் கண்ணாடியையும் துணியையும் ஊடுருவும், இரும்பை ஊடுருவாது. பின்கண்ணாடியை ஒட்டிக் கேபினுக்குள் வைத்தால் பாடிக்குள் ஏறுபவனை அது பார்க்கும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் பார்க்காது. வீச்சைப் பாடியின் விளிம்போடு நிறுத்துங்கள், நடந்து போகிறவர்களுக்கெல்லாம் அடிக்க வேண்டாம்.

வயர் இழுப்பது

ட்ரிகர் வயர்களுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். கேபினிலிருந்து பின்னால் போகும் எல்லா வயரையும் மடிப்புள்ள கருப்பு ஃபிளெக்சிபிள் பைப்புக்குள் விட்டு, கம்பெனி ஹார்னஸ் போகும் வழியிலேயே சேஸிஸை ஒட்டிக் கொண்டுபோங்கள். சைலன்சர், டீசல் பைப், ஷாஃப்ட், பட்டை இந்த நான்கிடமிருந்தும் விலகியே இருக்கட்டும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு வளைவு தளர்வு விட வேண்டும். கரடுமுரடான பாதையில் அவை இரண்டும் தனித்தனியாக ஆடும், இறுக்கிக் கட்டிய வயர் அங்கேதான் அறுபடும். தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளைக்குள் பொருத்தும் வளையம்) கட்டாயம், துளையின் ஓரத்துக்குப் பெயின்டும் பூசுங்கள். வயர் கேபினுக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளியே உள்ள இணைப்புகளுக்கு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு வெயில்காலத்தைக்கூடத் தாங்காது.

சென்சார்களுக்கான 12 வோல்ட்டை எடுக்கும் இடத்திலேயே, பேட்டரிக்கு மிக அருகில், ஃபியூஸ் போடுங்கள். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், சக்கர வளைவு வழியாகக் கை எட்டாத இடமாகப் பாருங்கள். உள்ளேயே பேட்டரி உள்ள சைரன் வாங்கினால், மெயின் பேட்டரியைக் கழற்றினாலும் அது அடிக்கும்.

எல்லாம் முடிந்ததும், பானெட் மூடியிருப்பதாக வண்டி நினைக்கும்படி அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராகப் போட்டு அலாரத்தை ஆன் செய்யுங்கள். உடனே தெரியும் எண்ணை நம்பாதீர்கள். வண்டியின் மாட்யூல்கள் தூங்கப் போக அரைமணி நேரம்கூட ஆகும். அடங்கிய பிறகு மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் புதிதாகப் போட்ட சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எது தின்கிறது என்று தெரிந்துவிடும்.

எந்த வயர் எங்கே போகிறது, எந்த நிறம் எதற்கு என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடுத்து யார் பழுது பார்த்தாலும் அது வேண்டும். ஆனால் அந்தத் தாளை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.